முத்தையா மாமா கேட்ட பூ

சனிக்கிழமை காலை. செனாவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்கினால் இங்கே கண் எரியும். நான் வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தினேஷ், தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்தவன், தூங்கப் போகாமல் தன்னுடைய பழைய காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பிறந்த கார் அது. எங்கேயோ கோழிகள் அடைந்து கிடந்ததை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, பெற்ற பிள்ளைபோலக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் மிதிக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். கூடவே எஞ்சின் விக்கல் எடுத்தது. என் கையிலிருந்த ஈரக் கைலி கையிலேயே நின்றுவிட்டது.

“தம்பி, பெடல் கல்லு மாதிரி இருக்கா?”

“ஆமா ஆண்டி. ரெண்டு காலாலயும் மிதிக்கணும் போல இருக்கு லா.”

“எஞ்சினை அடைச்சிட்டு நாலஞ்சு தடவ நல்லா மிதி. இறுகிடும். அப்புறம் காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணு. பெடல் லேசா கீழ எறங்குதா பாரு.”

செய்து பார்த்தான். “எறங்கல ஆண்டி.”

“அப்ப அந்தக் காத்து ஓஸைக் கழட்டிப் பாரு மொதல்ல.”

தினேஷ் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினான். “ஆண்டி, உங்களுக்கு காடியே ஓட்டத் தெரியாதே லா!”

உண்மைதான். காடி ஓட்டும் உரிமம் எடுக்கப் போய், பரீட்சைக்காரர் கண்ணெதிரிலேயே கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவள் நான். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் பிரேக் வேறு விஷயம். கழற்றிய ரப்பர்க் குழாயை அவன் சுவருக்கு மேலாக என்னிடம் நீட்டியபோது, முகர்ந்து பார்த்தேன். கொஞ்சம் மீன் எண்ணெய், கொஞ்சம் கருகிய சர்க்கரை. உங்களுக்கு மல்லிகை வாசம் எதையெல்லாம் நினைவுபடுத்துமோ, எனக்கு அதையெல்லாம் நினைவுபடுத்துவது பிரேக் எண்ணெய் வாசம். சிரிக்காமல் கேட்டால் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு எங்கள் குடும்பம் போர்டிக்சன் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அம்மா பால்மரம் வெட்டப் போவார். நான் ஆசிரியை ஆவேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பரீட்சை முடிவு மட்டும் நம்பவில்லை. ஆகவே பஸ் பிடித்துச் சிரம்பானுக்குப் போய், ஒரு சீனருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேர்ந்தேன். கடை முதலாளியை ஊரே தவுக்கே என்றுதான் கூப்பிடும். தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். எந்த வாக்கியம் எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாது, ஆனால் முடித்துவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு போயிருந்தேன். பிரேக் எண்ணெய் போத்தல் ஒன்று கசிந்து கையில் பட்டதில், சாயங்காலத்துக்குள் பாதி நகம் வெளுத்துவிட்டது. காரின் பெயிண்டையே தின்கிற எண்ணெய், என் நகத்தை விட்டுவைக்குமா? “ஆமோய், இது கடை நெகம் அழகு இல்லை, கண்ணு அழகு போதும்” என்றார் தவுக்கே. சின்னப் பெண்களை அவர் ஆமோய் என்றுதான் கூப்பிடுவார். கண்ணால் பார்த்து சாமான் எடுத்துக் கொடுக்கத் தெரிந்தால் போதும் என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை என் கண் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். சாமானின் பெயர் தெரியாது; அது போடும் சத்தம் தெரியும். “தங்கச்சி, ஸ்டார்ட் பண்ணா ‘ங்கொய்’ங்குது. அந்த சாமான் குடு” என்பார்கள். “‘ங்கொய்’யா, ‘ங்கீ’யா அண்ணே?” என்று நான் கேட்க வேண்டும். ‘ங்கொய்’ என்றால் பேரிங். ‘ங்கீ’ என்றால் ஃபேன் பெல்ட். ‘டொக்’ என்றால் பெரிய செலவு. முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லுவேன். அரைகுறைச் சொல்லிலிருந்து முழுச் சாமானைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நின்று, பெரிய மனிதர்களோடு சேர்ந்து நானும் ‘ங்கொய்’, ‘ங்கீ’ என்று கத்திக்கொண்டிருப்பேன். பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தின்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அங்கேதான் தனபாலன் வந்தார்.

நெட்டையான ஆள். தொழிற்சாலைச் சட்டை. பேசும்போது என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் தொங்கும் ஃபேன் பெல்ட்டுகளைப் பார்த்துப் பேசுவார். ஒரு போத்தல் பிரேக் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். மறுபடி ஒரு போத்தல். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. யாராவது இப்படி வாராவாரம் பிரேக் எண்ணெய் வாங்குவார்களா? உப்புகூட ஒரு வீட்டுக்கு அத்தனை வேண்டாம். தவுக்கே என் காதருகில் வந்து, “ஆமோய், அது ஆளு எண்ணெய் குடிக்கறான், இல்லே வேற சமாச்சாரம்” என்றார். வேறு சமாச்சாரம் என்றபோது அவர் புருவம் இரண்டும் ஏறி இறங்கின.

வேறு சமாச்சாரம் என்று நானும் நம்ப ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் எண்ணெய் வாங்கியவர், செய்தித்தாளில் சுற்றிய மல்லிகைச் சரம் ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். “அப்பாவுக்கு வாங்குனது. அவரு வேணாம்னுட்டாரு. வீணாப் போயிடும், நீங்க வச்சுக்குங்க” என்று ஃபேன் பெல்ட்டிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு மல்லிகைப் பூவாம்! இதைவிட நல்ல பொய் இந்த மனிதருக்குக் கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். ஆனாலும் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் பூ வந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா பிடித்துக்கொண்டார். “தலையில என்னாடி பூ?”

“கடையில குடுத்தாங்கம்மா.”

“பூக்கடையிலயா வேலை செய்யற நீ? நட்டு போல்ட்டு கடைதானே?”

நான் குளிக்கப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன் என்பதையும், அவர் வருகிற நேரத்துக்கு ஃபேன் பெல்ட்டுகளுக்கு முன்னால் நேராகப் போய் நின்றுகொண்டேன் என்பதையும் உங்களிடம் சொல்வதற்கு இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. அவர் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டம். வேலை செனாவாங்கில். அப்பா முத்தையா அந்தத் தோட்டத்தின் லோரி டிரைவராக இருந்தவர். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரின் பெரிய காரையும் அவர்தான் ஓட்டினார். துரை ஊருக்குப் போகும்போது அந்தக் காரை முத்தையாவிடமே விட்டுப் போனார். அன்றிலிருந்து அதற்கு ‘தொர காடி’ என்று பெயர். வெண்ணெய் நிறம், நீளமான மூக்கு, உள்ளே தோல் இருக்கை. அந்த நாளிலேயே பவர் பிரேக் வைத்த கார். காலால் தொட்டாலே நிற்கும் என்று லயத்து வரிசை வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம். லயத்தில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், பாம்பு கடித்தாலும், கல்யாணம் நடந்தாலும் தொர காடிதான் வாசலில் வந்து நிற்கும்.

முத்தையா மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. வாரம் ஒரு முறை சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கொண்டு வர வேண்டும். வேறு காரில் ஏற்றினால் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவார். டாக்சிக்காரர் ஒருவர் பயந்துபோய், வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டாராம். ஆகவே தனபாலன் வேலையில் லீவு மாற்றிக்கொண்டு, தொர காடியில் அப்பாவை முன்னால் உட்கார வைத்து, புக்கிட் தங்கா மலை வளைவுகளில் இறங்கி வருவார். அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் நன்றாக இருக்கிறவனுக்கே வயிறு புரட்டும்.

“எண்ணெய் எங்கதான் போவுது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அதான் தெரியல. அடியில அட்டை போட்டு வச்சிப் பாத்தேன், சொட்டு இல்ல. நாலு சக்கரமும் கழட்டிப் பாத்தாச்சி, காஞ்சி கெடக்கு. ஆனா டப்பா காலியாயிடுது. பெடலு வேற போகப் போக இறுகுது.”

கோலா கிளாவாங்கில் ஒரு பட்டறைக்காரர் பிரேக் கட்டைகளை மாற்றியிருந்தார். தீரவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று எண்ணெயை இறக்கி ஏற்றினார். தீரவில்லை. தவுக்கே இது டிரைவர் காலில் பலம் இல்லாத கேஸ் என்றார். நான் என் பங்குக்கு ‘எந்த மாதிரி சத்தம்’ என்று கேட்டேன். தனபாலன் யோசித்து, “சத்தமெல்லாம் தெரியல. அப்பா பக்கத்துல சத்தம் போட்டுக்கிட்டே வருவாரு, அதுல ஒண்ணும் கேக்காது” என்றார். அதை நான் அப்போது சட்டை செய்யவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று தனபாலன் ஃபேன் பெல்ட்டைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. முகம் சாம்பலாக இருந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தவுக்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பெடல் பாறைபோல நின்றுவிட்டது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தும் கார் தன் பாட்டுக்கு ஓடியது. எதிரே மணல் லோரி. கியரை இறக்கி, கை பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்துப் புல் மேட்டில் காரை உரசி உரசி எப்படியோ நிறுத்தியிருக்கிறார். கொஞ்ச நேரம் ஆறவைத்து, முதல் கியரிலேயே ஊர்ந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

“அந்த நேரத்துலயும் அப்பா ‘பூ, பூ’ன்னு கத்தறாரு. எனக்குக் கோவம் வந்திச்சி. ‘சாவப் போறோம், இப்ப எதுக்குப்பா பூவு’ன்னு கத்திட்டேன்” என்றவர், முகத்தைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டார். “இந்த வியாதி வந்ததுலேர்ந்து அவர் வாயில வர்றது அந்த ஒரே வார்த்தைதான். அதுக்குப் போயி கத்திட்டேன்.”

உள்ளே ஒரு பக்கம் அவர்மேல் இரக்கம். இன்னொரு பக்கம், அப்பாவுக்கு வாங்கிய பூ என்பது உண்மையாகவே அப்பாவுக்கு வாங்கிய பூதானா என்ற நினைப்பு. இத்தனை வாரமாக என் தலையில் இருந்தது ஒரு நோயாளி வேண்டாம் என்று தள்ளிய பூ. அந்த நேரத்தில் இதை நினைத்த என் புத்தியை என்ன சொல்வது!

ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே காருக்குப் போனேன். அதுவரை கண்ணாடிக்குப் பின்னால் நிழலாக மட்டும் பார்த்திருந்த மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அகலமான தோள், நரைத்த மீசை, ஒரு பக்கம் சரிந்த உதடு. கன்னம் ஈரமாக இருந்தது. மடியில் மல்லிகைச் சரம் பிரிக்காமல் கிடந்தது. அன்று காலையும் மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தண்ணீரை நீட்டினேன். குடிக்கவில்லை. இடது கையை ஓட்டுநர் பக்கமாக நீட்டி, காரின் முன் பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

“பூ... பூ...”

தனபாலன் ஓடி வந்தார். “இருக்குப்பா. இதோ மடியிலயே இருக்கு பாரு, பூவு.” சரத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். பெரியவர் அதை அப்படியே வெளியே விட்டெறிந்தார். என் செருப்பின்மேல் வந்து விழுந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசும்பினார். பெரிய உடம்பு முழுவதும் குலுங்கியது.

“அம்மா படத்துக்குப் போட கேக்கறாருன்னுதான் நெனைக்கிறேன்” என்றார் தனபாலன் மெதுவாக. “அம்மா இருந்தப்ப வாராவாரம் அவருதான் வாங்கிட்டுப் போவாரு. வாங்கிக் குடுத்தா எறிஞ்சிடறாரு.”

“வீட்லயும் கேப்பாரா?”

அவர் யோசித்தார். “இல்ல. காடியில ஏறினாத்தான்.”

“காடியிலயா?”

“ஓடும்போது. அதும் நான் பிரேக் வைக்கும்போதெல்லாம்...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். ஆனால் அதன் பெயர் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளெல்லாம் அரைச் சொல்லை வாங்கி முழுச் சாமானாகக் கொடுக்கிறவள் ஆயிற்றே. பெரியவர் தட்டிய இடத்தைப் பார்த்தேன். பிரேக் பெடலுக்கு நேர் முன்னால், எஞ்சின் பக்கமாக, என்ன இருக்கும்?

நான் ஜன்னலில் குனிந்தேன். “மாமா, பூஸ்டரா?”

அங்கிள் என்று கூப்பிட்டிருக்கலாம். ஏன் மாமா என்று வந்தது என்று தவுக்கே பிறகு வெகு காலம் கேலி செய்தார்.

பெரியவரின் விசும்பல் அப்படியே நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. என்ன பிடி! லோரி ஸ்டியரிங்கைப் பிடித்த கை. “பூ” என்றார், தலையை மேலும் கீழும் ஆட்டினார். “பூ... பூ...” சரியாத பக்கத்து உதடு சிரித்தது, சரிந்த பக்கம் அழுதது. எத்தனையோ மாதமாக ஒரே ஒரு சொல்லைக் கத்திக் கத்திச் சொல்லியும் உலகமே பூவைக் கொண்டுவந்து நீட்டிய மனிதர் அவர். இன்றைக்கு ஒரு ஆளுக்குக் கேட்டுவிட்டது.

தனபாலன் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூஸ்டர் என்பது பெரிய சட்டிபோல உருண்டையான ஒரு இரும்பு டப்பா. எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் பலத்தை வாங்கி, நம் காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்திக் கொடுப்பது அதுதான். பவர் பிரேக்கின் பவர் அதற்குள்ளே இருக்கிறது. அது செத்தால் பெடல் கல்லாகிவிடும். தவுக்கே தன் கடைச் சட்டையோடு காருக்குள் ஏறி, நான் இன்று தினேஷுக்குச் சொன்ன அதே சோதனையைச் செய்தார். எஞ்சினை அடைத்து மிதித்தார், இறுகியது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தார். பெடல் இம்மியும் இறங்கவில்லை. பிறகு எஞ்சினிலிருந்து டப்பாவுக்குப் போகும் ஓஸை உருவினார். அதிலிருந்து பிரேக் எண்ணெய் ஒழுகியது.

“ஐயோ, இங்கே இருக்கு உன் எண்ணெய்!” என்று தவுக்கே கூவினார்.

பிரேக் பம்பின் பின்பக்க ரப்பர் தேய்ந்து, எண்ணெய் வெளியே சொட்டாமல் நேரே பூஸ்டருக்குள் கசிந்திருக்கிறது. அங்கே இருந்த ரப்பர்த் திரையை ஊறவைத்துக் கிழித்திருக்கிறது. மிச்ச எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடித்துப் புகையாக விட்டிருக்கிறது. “அதான் பின்னாடி வெள்ளைப் பொகை! பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை துணியெல்லாம் நாறுதுன்னு திட்டுவாங்க” என்றார் தனபாலன். நாங்கள் எல்லோரும் எண்ணெயைக் காருக்குக் கீழே தேடியிருக்கிறோம். அது மேலே போயிருக்கிறது.

ஓஸின் ஈர முனையைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினார் மகன். அவர் அதை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு மகனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வருஷத்து ஏச்சு இருந்தது. தனபாலன் அப்பாவின் தொடையில் தலையை வைத்துக்கொண்டார். பெரியவரின் இடது கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு, அந்தத் தலையில் இறங்கியது.

இனி அந்தக் காரை மலையேற்ற முடியாது. தவுக்கே தன் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பெரியவர் வேறு வண்டியில் ஏற மாட்டாரே என்று எல்லோரும் பயந்தோம். அவர் மறுப்பேதும் சொல்லாமல் ஏறி முன்னால் உட்கார்ந்தார். ஒரே சிக்கல், ஏறும்போது மறுபடி பிடித்த என் மணிக்கட்டை விடவில்லை. தவுக்கே பெருமூச்சு விட்டார். “ஆமோய், நீயும் ஏறு. இல்லேன்னா இவரு நாளைக்கும் இங்கதான்.”

அப்படித்தான் நான் என் புகுந்த வீட்டுக்கு முதல் முறையாகப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் வேனில், எண்ணெய் அட்டைப் பெட்டிகளுக்கும் டயர்களுக்கும் நடுவே, முன் இருக்கைக்கு மேலாக ஒரு கையைக் கொடுத்துவிட்டு. மலை வளைவில் தனபாலன், புல் மேடு கிழிந்து செம்மண் தெரிந்த இடத்தைக் காட்டினார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, என் கையை விட்டு வேனின் முன் பலகையைத் தட்டி, “பூ?” என்றார். “நல்லா இருக்கு அங்கிள், என் வேன் பூஸ்டர் புதுசு, பயப்படாதே” என்றார் தவுக்கே. பெரியவர் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று மகன் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லயத்தில் வேன் நின்றதும் அக்கம்பக்கம் கூடிவிட்டது. அஞ்சலை அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அந்த நட்டு போல்ட்டு கடைப் பொண்ணு?”

“ஆமாங்க.”

“ம். நான் இவன்கிட்ட சொல்லிட்டேதான் இருந்தேன். ஏன்டா, உங்கப்பாரு எறிஞ்சிடுவாருன்னு தெரிஞ்சும் எதுக்குடா வாராவாரம் வாங்கிட்டுப் போறேன்னு. வாயத் தொறக்கறானா?”

தனபாலன் அந்த நேரம் பார்த்து டயர் எதையோ தூக்கி வைக்கக் குனிந்துவிட்டார். காது மட்டும் தெரிந்தது. அந்தக் காதின் சிவப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பூஸ்டருக்காகத் தவுக்கே எங்கெங்கோ ஆள் விட்டார். கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பழைய இரும்புக் கொட்டகையில் அதே ரகத்துக் கார் ஒன்று கிடந்தது. அதிலிருந்து கழற்றி வந்து, உள் ரப்பரைப் புதிதாகப் போட்டு, பம்பையும் பிரித்துப் பூட்டினார்கள். முடிந்த அன்று தனபாலன் அப்பாவை அழைத்து வந்தார். சோதித்துப் பார்க்கத் தவுக்கே உட்காரப் போனபோது, தனபாலன் தடுத்தார். தகப்பனைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். வலது கால் உணர்ச்சி இல்லாத கால். அதனால் இடது காலை எடுத்துப் பெடலின்மேல் வைத்தார்.

“அமுக்குப்பா. நல்லா இறுகினதும் சொல்லு.”

பெரியவர் மிதித்தார். மறுபடி, மறுபடி. “ம்” என்றார். மகன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் எழுந்தது. பெரியவரின் கால் மெல்ல, தூக்கத்தில் பிள்ளையின் தலை சாய்வதுபோல, கீழே இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தவுக்கே மூக்கை உறிஞ்சிவிட்டு, கடைக்குள் ஏதோ வேலை இருப்பதாகப் போனார்.

தனபாலனை நான் கட்டிக்கொண்டது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மாமா அதற்குப் பிறகு சில வருஷங்கள் எங்களோடு இருந்தார். சொற்கள் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. வந்ததும் பாதியாகத்தான் வந்தன. ‘மா’ என்பார். அம்மா என்று நினைத்துக் கண் கலங்குவோம். அவர் கேட்டது மாங்காய். ‘தீ’ என்றால் அடுப்பல்ல, தே தண்ணீர். ஒவ்வொரு பாதிக்கும் மீதியைத் தேடி, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தோம். தவறாகச் சொன்னால் ஒற்றைக் கையால் முறத்தைத் தூக்கி எறிவார். சரியாகச் சொன்னால் அதே கையால் கன்னத்தைத் தட்டுவார். ஒரு மழைக்காலத்தில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

தோட்டம் கை மாறியது. லயத்தை விட்டு எல்லோரும் கிளம்பினார்கள். நாங்கள் செனாவாங்குக்கு வந்தோம். தொர காடியை நிறுத்த இங்கே இடம் இல்லை. சாலையோரத்தில் மழையிலும் வெயிலிலும் நின்று துருவேறியது. பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் நகரத்திலிருந்து வந்து, லோரியில் கட்டி ஏற்றினார். என் வீட்டுக்காரர் அவரிடம் வேறெதுவும் பேசவில்லை. “பிரேக் நல்லா இருக்கு. எண்ணெய் மட்டும் பாத்துக்கிட்டே இருங்க” என்றார்.

தவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில். கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அங்கே யாரும் ‘ங்கொய்’ என்று கத்துவதில்லை. விரலால் படத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள்.

போன வருஷம் கோலா கிளாவாங்கில் ஒரு கல்யாணம். திரும்பும்போது, தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவோமா என்றார் என் வீட்டுக்காரர். பால்மரம் ஒன்றுகூட இல்லை. எங்கே திரும்பினாலும் செம்பனை. தோட்டத்துச் சாலை தொடங்கும் இடத்தில் தடுப்புக் கம்பு. காவலுக்கு இருந்த பையன் எந்த நாட்டிலிருந்தோ வந்தவன், யாரைப் பார்க்க வேண்டும் என்று மலாயில் கேட்டான். எங்கள் வீடு இங்கேதான் இருந்தது என்றார் இவர்.

“சினி தாடா ருமா, அங்கிள்” என்றான் அவன். இங்கே வீடே கிடையாதே என்றான்.

“டூலு அடா” என்றார் இவர். முன்பு இருந்தது.

பையன் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தான். என்ன நினைத்தானோ, எழுந்து போய்க் கம்பை உயர்த்தி, போய்க்கொள்ளுங்கள் என்று கை காட்டினான். இவர் காரை நகர்த்தவில்லை. முன்னால் செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒன்றுபோலவே மூன்று பாதைகள் பிரிந்தன. கோயில் இல்லை, குழாயடி இல்லை, அடையாளம் சொல்ல ஒரு மரம் இல்லை.

“எந்தப் பக்கம்?” என்று என்னைக் கேட்டார்.

அந்த வீட்டில் பிறந்தவர் அவர். எனக்கும் தெரியவில்லை. அந்தப் பையன் எங்களுக்காகக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.